கேட்பவர் உண்டு, ஈடுசெய்பவர் இல்லை

1989 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று வாஷிங்டனில் கூடி, நர்மதையின் குறுக்கே எழும்பிக்கொண்டிருந்த சர்தார் சரோவர் அணையைப் பற்றி விசாரித்தது. சாட்சி சொல்ல வந்தவர்களில் மேதா பட்கரும் ஒருவர். குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் மூன்றும் சந்திக்கும் மலைச்சரிவுகளில் வாழ்ந்த ஆதிவாசிகள், தங்கள் நிலம் மூழ்குமா, மூழ்கினால் எங்கே போவது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாலுகா அலுவலகம், மாநிலத் தலைநகரம், டெல்லி என்று படியேறியும் தெளிவான பதில் இல்லை. கடைசியில் அவர்கள் தரப்பை உட்கார்ந்து கேட்ட சபை, அவர்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத ஒரு நாட்டினுடையது. அணைக்குக் கடன் கொடுத்தது உலக வங்கி. உலக வங்கியின் மிகப்பெரிய பங்குதாரர் அமெரிக்கா. வங்கிக்கு அந்நாடு தரும் பணத்துக்கு அனுமதி தர வேண்டியது அதன் நாடாளுமன்றம். அந்த மலைச்சரிவுகளில் இருந்த மணிபேலி கிராமத்துக்கான வழி அப்படித்தான் வாஷிங்டனைச் சுற்றிப் போனது.

சர்வதேச நிறுவனங்களைப் பொறுப்புக்கூற வைக்க மக்கள் எடுத்த முயற்சிகளின் வரலாறே இப்படிப்பட்ட சுற்றுவழிகளின் வரலாறுதான். நூறு ஆண்டுகளில் அந்த வழியில் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. மனுக் கொடுக்கும் உரிமை கிடைத்தது, விசாரணை கிடைத்தது, எப்போதாவது மன்னிப்பும் கிடைத்தது. இழந்தவனுக்கு ஈடுசெய்யும் கடமை மட்டும் இன்றுவரை யார் தலையிலும் ஏறவில்லை.

நர்மதைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கே இருக்கிறது. 1985இல் உலக வங்கி அணைக்கும் கால்வாய்க்கும் சேர்த்து 45 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அப்போது இந்தியச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதிகூடக் கிடைத்திருக்கவில்லை. அது 1987இல்தான் நிபந்தனைகளோடு வந்தது. கட்டாயமாக இடம்பெயர்க்கப்படுவோர் பற்றி வங்கி 1980இலும், பழங்குடிகள் பற்றி 1982இலும் தனக்கென விதிகள் வகுத்திருந்தது. அந்த விதிகளின்படி பார்த்தால் கடன் கையெழுத்தாவதற்கு முன்பே மறுவாழ்வுத் திட்டம் தயாராக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எத்தனை பேர் வெளியேற நேரும் என்ற கணக்கே உறுதியாகவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காட்டுநிலத்தில் உழுது விதைத்தவர்களிடம் பட்டா கிடையாது. அரசுப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஆக்கிரமிப்பாளர்.

போராட்டம் ஒரே வகையாகவும் இருக்கவில்லை. குஜராத்தில் ஆர்ச்-வாஹினி என்ற அமைப்பு, அணை வரட்டும், ஆனால் பட்டா இல்லாதவருக்கும் நிலம் வேண்டும் என்று வாதாடி, வங்கியையும் நெருக்கி, 1987இல் மாநில அரசிடமிருந்து குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் என்ற ஆணையைப் பெற்றது. மேதா பட்கரின் நர்மதா பச்சாவோ அந்தோலன் அணையே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் கடுமையாக விமர்சித்துக்கொண்டார்கள். சௌராஷ்டிரத்திலும் கட்ச்சிலும் குடிநீருக்காகக் காத்திருந்தவர்களும் மக்கள்தான் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

1991இல் வங்கி அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. தான் கடன் கொடுத்த திட்டத்தைப் பரிசோதிக்க வெளியாட்களை அமர்த்தியது. தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர். துணைத்தலைவர் தாமஸ் பெர்கர், கனடாவின் முன்னாள் நீதிபதி. வங்கியின் பழைய நண்பர் போன்ற ஒருவரை அமர்த்தினால் அறிக்கை மென்மையாக வரும் என்று யாராவது நினைத்திருந்தால், 1992 ஜூனில் அவர்கள் ஏமாந்திருப்பார்கள். இன்றைய நிலையில் வெளியேற்றப்படும் எல்லோரையும் மறுகுடியமர்த்துவது சாத்தியமில்லை, சுற்றுச்சூழல் பாதிப்புகள் சரியாக ஆராயப்படவே இல்லை, வங்கி தன் விதிகளையே பின்பற்றவில்லை, ஆகவே விலகி நின்று மறுபடி யோசிக்க வேண்டும் என்றது மோர்ஸ் அறிக்கை. அதே ஆண்டு வங்கியின் துணைத்தலைவர் வில்லி வாப்பன்ஹான்ஸ் தயாரித்த உள்ளறிக்கை, 1991இல் முடிந்த திட்டங்களில் 37.5 விழுக்காடு திருப்திகரமாக இல்லை என்றது. கடனை அனுமதித்துக் கணக்குக் காட்டுவதில் இருக்கும் அவசரம், அந்தப் பணம் என்ன ஆனது என்று பார்ப்பதில் இல்லை என்பது அதன் சாரம்.

அக்டோபரில் வங்கியின் இயக்குநர் குழு வாக்கெடுத்தது. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளின் இயக்குநர்கள் எதிர்த்தும் பெரும்பான்மை தொடரலாம் என்றது. ஆறு மாதத்துக்குள் சில இலக்குகளை எட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கெடு முடிகிற நேரத்தில், 1993 மார்ச் 30 அன்று, மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே எழுதிக் கொடுத்துவிட்டது. உலகெங்கும் அது மக்கள் இயக்கங்களின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

அணை நிற்கவில்லை. வங்கி போனதோடு வங்கியின் விதிகளும் போயின. அவற்றைக் காட்டிக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் போயிற்று. 2000 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கட்டுமானத்தைத் தொடர அனுமதித்தது. நீதிபதி பரூச்சா மட்டும் மாறுபட்டார். 2017 செப்டம்பரில் 138.68 மீட்டர் உயரத்தோடு அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆனால் வாஷிங்டனில் வேறொன்று நடந்தது. நர்மதை இயக்கத்தோடு கைகோத்திருந்த அமெரிக்க அமைப்புகள், ஏழை நாடுகளுக்கான வங்கியின் நிதிக்கு அமெரிக்கா தர வேண்டிய பங்கைப் பிடியாக எடுத்துக்கொண்டன. அந்த நிதியைக் கவனித்த நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர் பார்னி ஃபிராங்க், பாதிக்கப்பட்டவர்கள் முறையிட ஒரு சுதந்திரமான இடம் இல்லாமல் பணம் இல்லை என்ற நிலையெடுத்தார். 1993 செப்டம்பரில் வங்கி மூன்று உறுப்பினர் கொண்ட ஆய்வுக் குழுவை நிறுவியது. எந்த நாட்டிலிருந்தும், வங்கித் திட்டத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் போதும். தன் சொந்த அரசைத் தாண்டி, ஒரு கிராமத்து மனிதர் ஒரு சர்வதேச நிதி நிறுவனத்திடம் நேரே முறையிடலாம் என்ற ஏற்பாடு அதற்குமுன் இருந்ததில்லை.

இது எவ்வளவு பெரிய தாவல் என்று புரிய, பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியும் துருக்கியும் இழந்த நாடுகளைப் பிரிட்டன், பிரான்ஸ், நியூசிலாந்து போன்றவை பன்னாட்டுச் சங்கத்தின் பேரில் ஆண்டன. அங்குள்ள மக்கள் ஜெனீவாவில் இருந்த சங்கத்துக்கு மனு அனுப்பலாம். ஒரே விதி: யார்மீது புகாரோ அந்த அரசின் வழியாகவே மனு போக வேண்டும், அதன் விளக்கத்தோடு. நம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை கொடுக்கிற மனு, சுற்றிச் சுற்றிப் புகாருக்கு ஆளான அதே அதிகாரியின் மேசைக்கே வந்து சேருவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவா மக்களின் குறையைச் சொல்ல 1928இல் ஓலாஃப் நெல்சன் ஜெனீவாவரை நேரில் போனார். மனுதாரரை நேரில் விசாரிக்கும் வழக்கம் இல்லை என்று சங்கத்தின் ஆணையம் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் தலைநகர் ஆப்பியாவில் ஊர்வலம் போன சமோவர்கள்மீது நியூசிலாந்துக் காவலர்கள் சுட்டார்கள். இறந்தவர்களில் தலைவர் தூப்புவா தமசேசேயும் ஒருவர்.

ஐ.நா. வந்ததும் நிலைமை மாறும் என்று பலர் நம்பினார்கள். 1947இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸின் முன்முயற்சியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பு, தங்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளை விரிவாக எழுதி ஐ.நா.வுக்கு முறையிட்டது. அதே ஆண்டில்தான் மனித உரிமை ஆணையம், தனிப்பட்ட புகார்கள்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தானே தீர்மானித்துக்கொண்டது. அந்தப் பூட்டு சற்றே திறக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 1993 ஒரு திருப்பம்தான். ஆய்வுக் குழுவுக்கு வந்த முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டத்தைப் பற்றியது. 1995இல் வங்கியின் புதிய தலைவர் ஜேம்ஸ் உல்ஃபென்சன் அந்தத் திட்டத்துக்குக் கடன் இல்லை என்றுவிட்டார். பிற வளர்ச்சி வங்கிகளும் ஒவ்வொன்றாகத் தங்களுக்கும் ஒரு புகார் அமைப்பை வைத்துக்கொண்டன. கிராமங்களில் வேலை செய்பவர்கள் சொல்வதைக் கேட்டால், குழுவின் பெரிய பயன் அதன் அறிக்கைகளைவிட அதைப் பற்றிய பயம்தான். புகார் வருமோ என்ற எண்ணத்தில் அதிகாரிகள் முன்னதாகவே சில விதிகளை மதிக்கத் தொடங்கினார்கள்.

எல்லையும் அன்றே கீறப்பட்டுவிட்டது. குழு விசாரிப்பது வங்கி தன் விதிகளை மீறியதா என்பதை மட்டுமே. விசாரணைக்கே இயக்குநர் குழுவின் அனுமதி வேண்டும். நஷ்டஈடு தர உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. கடன் முடிந்த திட்டத்தை அது தொடக்கூடாது என்று வைத்ததால், நர்மதைக்காகக் கிளர்ந்த போராட்டத்தில் பிறந்த குழுவால் நர்மதையில் ஒரு வீட்டையும் காப்பாற்ற முடியவில்லை.

கடன் வாங்கும் அரசுகளும் குழுவை விரும்பவில்லை. தங்கள் இறையாண்மைக்குள் மூக்கை நுழைப்பதாகக் கருதின. 1998இல் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டுப் பழங்குடிகள் சூழல் மேம்பாட்டுத் திட்டம் பற்றிப் புகார் செய்தபோது, விசாரிக்கலாம் என்று குழு பரிந்துரைத்தும் இயக்குநர்கள் மறுத்தார்கள். சீனாவில் கிங்காய் மாநிலத்தில், திபெத்திய, மங்கோலிய மேய்ச்சல் மக்களின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 58,000 விவசாயிகளைக் குடியமர்த்தும் திட்டம் 2000இல் சிக்கியது. குழுவின் அறிக்கை வங்கியைக் கடுமையாகச் சாடியதும், உங்கள் பணமே வேண்டாம், நாங்களே செய்துகொள்கிறோம் என்றது பெய்ஜிங். ஏழு ஆண்டுகளுக்கு முன் டெல்லி சொன்ன அதே வாசகம். வங்கிக்கு எதிரான வெற்றியும் பாதிக்கப்பட்டவரின் தோல்வியும் ஒரே நாளில் வரக்கூடும் என்பதை இயக்கங்கள் இரண்டு முறை கற்றுக்கொண்டன.

பிறகு முந்த்ரா. கட்ச் கடற்கரையில் 4,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட நிலக்கரி மின்நிலையத்துக்காக உலக வங்கிக் குழுமத்தில் தனியாருக்குக் கடன் தரும் நிறுவனமான ஐஎஃப்சி 2008இல் டாட்டா நிறுவனத்துக்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. நர்மதைக்குக் கொடுத்த அதே தொகை. நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீர், மீன் காயப்போடும் இடத்தில் படியும் கரித்தூள், உவர்த்துப்போன கிணறு என்று மீனவர் சங்கம் 2011இல் ஐஎஃப்சியின் குறைதீர் அதிகாரியிடம் முறையிட்டது. ஆண்டில் பல மாதங்கள் கடற்கரையில் குடிசை போட்டுத் தங்கும் மீனவக் குடும்பங்களைக் கடன் கொடுத்தவர்கள் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2013இல் அந்த அதிகாரியின் தணிக்கை சொன்னது. ஐஎஃப்சி நிர்வாகம் முக்கிய முடிவுகளை ஏற்கவில்லை; அத்தோடு சரி. தன் வீட்டுத் தணிக்கையாளரே தப்பு என்று சொன்னாலும், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்று ஆனது.

மீனவர்களும் நவினால் கிராமப் பஞ்சாயத்தும் 2015இல் வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1945ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சர்வதேச நிறுவனங்களுக்கு அயல்நாட்டு அரசுகளுக்கு உள்ள அதே சட்ட விலக்கைத் தந்திருந்தது. அன்று அந்த விலக்கு ஏறத்தாழ முழுமையானது. 1976இல் அயல்நாட்டு அரசுகளின் வணிகச் செயல்களுக்கு அது இல்லை என்று சட்டம் மாறியது. நிறுவனங்களுக்கும் அந்த மாற்றம் பொருந்துமா? பொருந்தும் என்று 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. முழு விலக்கு என்ற எழுபது ஆண்டு நம்பிக்கையைக் கட்ச்சின் மீனவர்கள் உடைத்தார்கள். சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கு இன்று பாடம். வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. நடந்த தவறின் மையம் இந்தியாவில் இருக்கிறது, அமெரிக்காவில் அல்ல, ஆகவே இங்கே விசாரிக்க முடியாது என்றது அது. மேல்முறையீடும் தோற்றது. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடி எடுக்க மறுத்தது. வரலாற்றுத் தீர்ப்பு அவர்கள் பேரில் இருக்கிறது. நஷ்டஈடாக ஒரு டாலரும் அந்த வழக்கில் அவர்கள் கைக்கு வரவில்லை.

சட்ட விலக்கே கூடாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அகதி முகாமில் வேலை செய்யும் ஐ.நா. ஊழியரை உள்ளூர்க் காவல்நிலையம் நினைத்தபோது பிடித்துப் போகலாம் என்றால் அங்கே எந்த உதவியும் நடக்காது. அரசுகளின் கையிலிருந்து காப்பாற்றக் கொடுத்த கவசம் அது. அதையே பாதிக்கப்பட்ட ஏழைக்கு எதிராகத் திருப்பிப் பிடிப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

ஹெய்ட்டியில் அது வெட்டவெளிச்சமாயிற்று. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின், அக்டோபரில், மிர்பலே ஊரருகே ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு கலந்த ஓடையிலிருந்து காலரா கிளம்பி ஆர்த்திபோனித் ஆற்றின் வழியே பரவியது. குறைந்தது நூறு ஆண்டுகளாக அந்நாட்டில் இல்லாத நோய். ஏறத்தாழ 8 லட்சம் பேர் நோயுற்றார்கள், 10,000 பேருக்கு அருகில் இறந்தார்கள். 2011 நவம்பரில் 5,000 பேரின் சார்பில் ஐ.நா.விடம் நஷ்டஈடு கோரப்பட்டது. இது ஏற்கத்தக்க கோரிக்கை அல்ல என்று 2013இல் பதில் வந்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் ஐ.நா.வின் விலக்கை உறுதிசெய்தன. ஐ.நா.வே நியமித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2016இல் அந்த நிலைப்பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்ட பின், டிசம்பரில் பான் கி-மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். போதிய அளவு செய்யவில்லை என்பதற்கான மன்னிப்பு. நோயைக் கொண்டுவந்ததற்கானது அல்ல. 40 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாடுகள் மனமுவந்து தர வேண்டிய பணம் என்பதால் அதில் சிறு பங்குதான் சேர்ந்தது.

அமைதிப்படை ஒரு நாட்டுக்குள் நுழையும்போது போடும் ஒப்பந்தத்தில், பாதிக்கப்பட்டவர் கோரிக்கைகளைத் தீர்க்க நிரந்தர ஆணையம் அமைப்போம் என்ற பிரிவு இருக்கும். ஹெய்ட்டி ஒப்பந்தத்திலும் இருந்தது. எந்த நாட்டிலும் அப்படியோர் ஆணையம் இதுவரை அமைக்கப்பட்டதில்லை.

வன்னியைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் கூடி, போகாதீர்கள் என்று கெஞ்சிய மக்களை விட்டுவிட்டு ஊழியர்கள் வெளியேறினார்கள். இறந்தவர் எண்ணிக்கையைத் திரட்டிவைத்திருந்தும் வெளியே சொல்லத் தயங்கினார்கள். இதையெல்லாம் 2012 நவம்பரில் வெளியான சார்ல்ஸ் பெட்ரி அறிக்கை, ஐ.நா.வின் சொந்த அறிக்கை, ஒளிக்காமல் எழுதியது. கட்டமைப்பு முழுதும் தவறியது என்றது. இனி இப்படி நடக்காது என்று புதிய கொள்கை ஒன்றும் அறிவிக்கப்பட்டது. மியான்மாரில் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்ட பின் 2019இல் கெர்ட் ரோசென்தால் எழுதிய அறிக்கையும் அதே கட்டமைப்புத் தவறையே சொன்னது. தன்னைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதத் தெரிந்த நிறுவனங்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அறிக்கையே தண்டனையாகவும், அறிக்கையே பரிகாரமாகவும் ஆகிவிடுகிறது. முள்ளிவாய்க்காலில் பிழைத்தவருக்குப் பெட்ரி அறிக்கையை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டி என்ன கேட்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்களை யார் தேர்ந்தெடுத்தது என்று வங்கி அதிகாரிகள் இயக்கங்களைத் திருப்பிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வாஷிங்டனில் நர்மதைக்காகப் பேசியவர்களில் பலர் அந்த ஆற்றின் கரையில் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஒரு திட்டத்தை நிறுத்துவதைச் சாதனையாகக் கணக்குக் காட்டுவது சில அமைப்புகளின் நிதிக்கு நல்லது. நிறுத்திய பிறகு அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று திரும்பி வந்து பார்ப்பவர்கள் குறைவு. இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வங்கிக்கு எவ்வளவு தகுதி உண்டு? தவறு செய்த தன்னார்வ அமைப்பின்மீது வழக்குப் போட எந்த ஊர் நீதிமன்றமும் போதும். ஐ.நா.மீது போட ஹெய்ட்டிக்காரருக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

கோரிக்கைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடன் ஒப்பந்தத்திலேயே ஒரு பங்கைப் பாதிக்கப்படுவோருக்கென ஒதுக்கி, விதிமீறல் உறுதியானால் யாரையும் கேட்காமல் அது அவர்களுக்குப் போக வேண்டும். ஒப்பந்தங்களில் எழுதிவைத்த கோரிக்கை ஆணையத்தை ஐ.நா. ஓர் இடத்திலாவது அமைத்துக்காட்ட வேண்டும். இவை ஜெனீவாவும் வாஷிங்டனும் செய்ய வேண்டியவை.

டெல்லி செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தங்களுக்கு நம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அரசு கையெழுத்திட்டால் முடிந்தது. ஐஎஃப்சிக்கு இந்தியாவில் உள்ள சலுகைகளையும் விலக்குகளையும் வகுப்பது 1958இல் இதே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். தனக்கு அலுவலகம் இருக்கும் உறுப்பு நாட்டின் நீதிமன்றத்தில் தன்மீது வழக்குத் தொடரலாம் என்று ஐஎஃப்சியின் சாசனமே சொல்கிறது. டெல்லியில் அதற்கு அலுவலகமும் இருக்கிறது. தவறின் மையம் இந்தியாவில்தான் என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வைத்து, கட்ச் மீனவர் பூஜ் நீதிமன்றத்தில் எதுவரை கேட்கலாம் என்று ஒரு நாள் விவாதிக்க நம் உறுப்பினர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.